30 எழுத்தும் 247 கட்டமும்: தமிழ்ப் பக்கம் கண்ணுக்கு எளிதாகிய வரலாறு

தமிழ் வகுப்பறை எதனுள் நுழைந்தாலும் சுவரில் ஓர் அட்டவணை தொங்குவதைக் காணலாம். மேலே 12 உயிர்கள் வரிசையாக நிற்கும். இடப்புறம் 18 மெய்கள் மேலிருந்து கீழாக இறங்கும். நடுவே 216 கட்டங்களில் உயிர்மெய்கள் நிறைந்திருக்கும். ஆய்தம் ஏதேனும் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். கூட்டினால் 247. இவ்வட்டாரத்தின் தொடக்கநிலைத் தமிழாசிரியர்களோடு பேசிய காலங்களிலெல்லாம் நாம் கேட்ட குறை ஏறக்குறைய ஒன்றுதான்: "ஆங்கிலத்தில் 26 தானே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், என்ன விடை சொல்வது?"

இது நகைத்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பில் கிடைக்கும் நேரம் சிறிது. அந்நேரத்தின் வாயிலிலேயே 247 என்னும் எண் நின்றால், உள்ளே வரும் ஆசை பாதி வழியிலேயே திரும்பிவிடும். ஆயினும், அச்சுறுத்தும் அதே அட்டவணையில்தான் அச்சத்திற்கான மாற்றும் இருக்கிறது. கற்பதற்கு அரியதொன்றைக் கண் உடனே பற்றிக்கொள்ளுமாறு அமைக்கும் முயற்சி நம் எழுத்து வரலாற்றில் இரண்டாயிரம் ஆண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. சில முயற்சிகள் வென்றன, சில தோற்றன, வென்ற சிலவும் இடையில் மறக்கப்பட்டன. அவ்வரலாற்றை ஆசிரியர்களின் பயன்கருதி இங்கே ஒருமுறை பார்க்க விழைகிறோம்.

முதலில் எண்ணிக்கையைத் தீர்த்துக்கொள்வோம். தொல்காப்பியர் எழுத்து 247 என்று எங்கும் சொல்லவில்லை. அவர் கணக்கில் எழுத்து 30. சார்ந்துவரும் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்பவற்றைச் சேர்த்தால் 33. நன்னூலார் சார்பெழுத்தைப் பத்தாக விரித்து, அவற்றின் விரிகளையும் எண்ணி, மொத்தம் 369 என்றார். ஒரே மொழிக்கு 30, 33, 247, 369 என நான்கு எண்கள் எப்படி வந்தன? ஒலியை எண்ணினால் ஓர் எண், வரிவடிவத்தை எண்ணினால் வேறோர் எண், அளபெடையும் குறுக்கமுமாக ஒலியின் திரிபுகளை எண்ணினால் மற்றோர் எண். சுவரில் தொங்கும் அட்டவணை வரிவடிவக் கணக்கு. அதன் மேல்வரியும் இடப்பத்தியும் ஒலிக்கணக்கு. பிள்ளை கற்கவேண்டியவை ஓரங்களில் உள்ள 30. நடுவில் உள்ள 216 அவற்றின் பெருக்கம். பெருக்கல் வாய்பாட்டைப் பார்த்த பிள்ளைக்கு இது புதிதன்று. அட்டவணையின் வடிவமே இதைச் சொல்லிவிடுகிறது, ஆசிரியர் சொல்லவிடுவாராயின்.

ஆங்கில நெடுங்கணக்கோடு ஒப்பிடுவோர் கவனிக்கத் தவறும் ஒன்றுண்டு. அதன் 26 எழுத்துகளும் நிற்கும் வரிசைக்கு ஒலியியல் காரணம் எதுவும் இல்லை. முதலெழுத்து உயிர், அடுத்த மூன்றும் மெய், மீண்டும் உயிர். அவ்வரிசை மனப்பாடம் செய்வதற்கும் அகராதி பார்ப்பதற்கும் மட்டுமே உதவும். நம் மெய்வரிசையோ வாயின் வரைபடம். க, ங என்பன அடிநாவும் பின்னண்ணமும் சேருமிடத்தில் பிறப்பவை. ச, ஞ இடைநாவும் இடையண்ணமும். ட, ண நுனிநாவும் நுனியண்ணமும் என்பது தொல்காப்பியக் கணக்கு. த, ந பல்லின் அடி. ப, ம இதழ்கள். தொண்டையை அடுத்த இடத்திலிருந்து உதடு வரை, வல்லினமும் அதன் இன மெல்லினமுமாக இணையிணையாக, வரிசை நடந்து செல்கிறது. பின்னர் இடையினம் ஆறு. இறுதியில், வடமொழி நெடுங்கணக்கில் இடம்பெறாத ற, ன என்னும் இணை. இந்நிரல் வடமொழி நெடுங்கணக்கிற்கும் பொது என்பது மெய். வரிசைமுறை ஒன்றாயினும், தமிழுக்குத் தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு தமிழுக்கே உரியவற்றைச் சேர்த்துக்கொண்டது நம் நெடுங்கணக்கு.

இவ்விணைகளை அறிந்த பிள்ளைக்கு எழுத்துப்பிழையில் ஒரு பெரும்பகுதி தானே குறையும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற: மெல்லினத்தின் பின் அதன் இன வல்லினம். 'பந்து' என்பதில் எந்த நகரம், 'வண்டு' என்பதில் எந்த ணகரம், 'கன்று' என்பதில் எந்த னகரம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. வல்லினத்தைப் பார்த்தால் போதும். அதன் துணை அடுத்த கட்டத்தில் நிற்கிறது. ற, ன இணையை மட்டும் அட்டவணையின் அடியில் தேடவேண்டும்.

உலக எழுத்துமுறைகளில் இதற்கு நிகராகச் சிந்தித்து அமைக்கப்பட்டது கொரிய எழுத்து. சேசோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட அம்முறையில், மெய்யெழுத்தின் வடிவமே அவ்வொலி பிறக்கும்போது நாவும் இதழும் கொள்ளும் நிலையைக் காட்டும். மூச்சொலி கூடினால் ஒரு கோடு கூடும். அங்கே வாயின் படம் எழுத்துக்குள் இருக்கிறது. தமிழில் எழுத்தின் வடிவம் வாயைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எழுத்துகளை நிறுத்தியிருக்கும் வரிசைதான் சொல்கிறது. ஆகவே வரிசையைக் கலைத்துவிட்டால் அந்த அறிவும் கலைந்துவிடும்.

இனி எழுத்தின் வடிவத்திற்கு வருவோம்.

தமிழகக் குகைத்தளங்களில் கிடைக்கும் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் ஒரு சிக்கலோடு போராடியதைக் காட்டுகின்றன. பிராகிருதத்திற்கு வழங்கிய பிராமியில் ககர வடிவம் தனியே நின்றால் அது 'க'. பிராகிருதச் சொற்கள் உயிரில் முடிவன. ஆதலால் தனிமெய்யை எழுதும் தேவை அங்கே மிகக் குறைவு. தமிழ்ச் சொற்களோ மெய்யில் முடிவன பல. 'க்' என்பதை எப்படி எழுதுவது? ஐராவதம் மகாதேவன் இக்கல்வெட்டுகளில் மூன்று முறைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்றில், வெற்று வடிவம் 'க்'. அதன்மேல் ஒரு கோடு இட்டால் 'க' என்றும் படிக்கலாம், 'கா' என்றும் படிக்கலாம். இன்னொன்றில், கோடு 'கா'வுக்கு மட்டும். வெற்று வடிவம் 'க்' ஆகவும் 'க' ஆகவும் நிற்கும். இரண்டு முறைகளிலும் ஏதோ ஓர் ஐயம் எஞ்சியது. மூன்றாவது முறையில் புள்ளி வந்தது. புள்ளி பெற்றால் மெய், பெறாவிட்டால் அகரம் ஏறிய உயிர்மெய், கோடு பெற்றால் ஆகாரம். ஐயம் முற்றும் நீங்கியது.

மெய்யின் இயல்பு புள்ளி பெறுவது என்று தொல்காப்பியம் விதித்தது இதையே. எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் அது கூறியது. அவற்றின் நெடில்கள் புள்ளியின்றி நிற்கும். நன்னூலும் இதை மாற்றவில்லை. ஒரு சிறு புள்ளி, எழுத்தின்மேல் வைக்க ஒரு நொடியும் ஆகாதது, இரண்டு பெருங்குழப்பங்களைத் தீர்த்தது. இதைக் கற்பிக்கும்போது, 'க்' என்பது 'க'வோடு ஏதோ கூட்டியது போல் பிள்ளைக்குத் தோன்றும். ஒலியிலோ அது 'க'விலிருந்து அகரத்தைக் கழித்தது. கழித்தலைக் காட்டப் புள்ளியைக் கூட்டுவது முரண்போலத் தோன்றினாலும், தமிழ் உரைநடையில் அகரம் ஏறிய மெய் எவ்வளவு மிகுதியாக வரும் என்பதை எண்ணினால் அதற்குக் குறி இல்லாமல் விட்டது சிக்கனம் என்பது விளங்கும்.

ஆனால் இலக்கணம் விதித்ததைக் கை பின்பற்றவில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பது பள்ளியில் நாம் எல்லோரும் கேட்ட விளக்கம். அதில் உண்மை இருக்கலாம். எனினும் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் புள்ளி மிக அருகியே காணப்படுகிறது, கல் கிழியாது. பழகிய வாசகனுக்குப் புள்ளி வேண்டியிருக்கவில்லை என்பதே நமக்குத் தோன்றும் காரணம். எழுதுவோனும் படிப்போனும் முன்பே அறிந்த செய்தியாயின், குறிகளைக் குறைத்து விரைந்து எழுதுவதே இருவருக்கும் நலம். நட்டம் அடைபவன் புதிதாகக் கற்க வருபவன். ஆனால் அவன் பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருந்தார்.

அந்நட்டத்தின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். பழைய ஏட்டில் ரகரமும், துணைக்காலும் ஒரே வடிவம். எகர ஏகாரக் கொம்புகளுக்கு வேறுபாடு இல்லை. மெய்க்குப் புள்ளி இல்லை. இந்நிலையில் ஒரு கொம்பு, ஒரு ககரம், ஒரு கால் என்னும் மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து இருந்தால், அதை 'கெர', 'கேர', 'கெர்', 'கேர்', 'கொ', 'கோ' என ஆறு வகையாகப் படிக்கலாம். சொற்களுக்கு இடையே வெளியும் இல்லை. அடி முடிந்தாலும் வரி முடிவதில்லை. 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன; நெருப்பா நீரா என்பதைச் சூழல் சொல்லவேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது எதிர்கொண்ட உழைப்பை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். ஏட்டைப் பார்த்துப் பாட்டைப் படிக்க இயலாது. பாட்டை ஊகித்துத்தான் ஏட்டைப் படிக்கவேண்டும்.

இந்நிலையை வெளியிலிருந்து வந்த ஒருவர் உணர்ந்தது வியப்பன்று. இத்தாலியில் 1680இல் பிறந்து, வளர்ந்தபின் தமிழ் கற்ற வீரமாமுனிவர், எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவத்திலேயே பிரித்தார். குறிலுக்குப் புள்ளி வைக்கும் பழைய விதியை அவர் மீண்டும் வற்புறுத்தவில்லை. எழுதுவோர் விட்டுவிடுவார்கள் என்பது கண்கூடு. நெடிலுக்கு விடமுடியாத ஒரு வளைவைச் சேர்த்தார். கொம்பின் தலை சுழிந்தால் நெடில். அன்றுமுதல் 'ெ', 'ே' இரண்டும் வேறாயின. கொம்பை எழுதும்போதே சுழியும் சேர்ந்து வருவதால் அது விடுபடுவது அரிது. குறியைத் தனியே சேர்க்கவேண்டியதாக வைக்காமல் எழுத்தின் உடம்போடு சேர்த்த இந்நுட்பம், நம் பார்வையில், அவர் செய்தவற்றுள் மிகப் பெரியது.

அவருடைய மற்றொரு பணியும் இவ்வுரைக்கு நேரே பொருந்துவது. தமிழில் சொற்பொருள் அறிய நிகண்டுகள் இருந்தன. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி ஆகிய யாவும் செய்யுள். மனப்பாடம் செய்தவனுக்கே பயன்படும். தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்று பொருள்வழி அவை வகுக்கப்பட்டன. சூடாமணியின் பதினோராம் தொகுதி எதுகைவழி அமைந்தது. பாடலை நினைவில் வைத்திருப்பவனுக்கு எதுகை நல்ல கொக்கி, பாடலை அறியாதவனுக்கோ அது பூட்டிய கதவு. 1594இல் சிதம்பர இரேவணசித்தர் முதலெழுத்தின் வரிசையில் சொற்களை அடுக்கி ஒரு நிகண்டு செய்து, அதற்கு அகராதி நிகண்டு என்று பெயரிட்டார். அகரம் ஆதியாக அமைந்தது என்னும் அப்பெயரே பின்னர் வகைப்பெயராயிற்று. எனினும் அது செய்யுளே. 1732இல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதி செய்யுளைக் கைவிட்டது; பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகச் சொற்களை அகரவரிசையில் நிறுத்தியது. நெடுங்கணக்கை அறிந்த யாரும், ஆசிரியர் இன்றி, பாட்டு ஒன்றும் தெரியாமலே, வேண்டிய சொல்லை விரல்வைத்துத் தேடலாம். நினைவின்மேல் இருந்த பாரம் கண்ணுக்கு மாறியது. இதனால் நிகண்டுப் பயிற்சி தந்த சொல்வளம் குன்றியது என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தில் உண்மை இருக்கிறது. பத்து வயதில் சூடாமணியை ஒப்பித்தவரின் சொல்லாட்சியை அகராதி தராது. ஆனால் சூடாமணியை ஒப்பிக்க வாய்த்தவர் எத்தனைபேர்?

அச்சு வந்ததும் பக்கத்தின் அமைப்பு விரைவாக மாறியது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதலாகத் தரங்கம்பாடியின் வேதநூல்கள், சென்னையில் 1862இல் வெளிவந்த வின்சுலோவின் பேரகராதி என அச்செழுத்தின் வடிவமும் அளவும் சீர்பட்டுவந்த கதை நீண்டது; அதை விட்டு, வாசகன் கண்ணுக்கு நேரே பயன்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது வெற்றிடம்.

சொற்களுக்கு இடையில் எதையும் எழுதாமல் விடுவது எளிய செயலாகத் தோன்றும். தமிழில் அது எளிதன்று. புணர்ச்சியில் சொற்கள் ஒன்றோடொன்று கரைகின்றன. எங்கே வெட்டுவது என்பது இலக்கண வினா. யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடம் நிறுவி நூல் வெளியிட்ட ஆறுமுக நாவலர் (1822–1879) உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவலாகப் பயன்படுத்தினார். பள்ளிப் பிள்ளைகளுக்கென எழுதிய பாலபாடங்களைப் படிப்படியாகக் கடினம் ஏறுமாறு அமைத்தார். மரபில் ஊன்றிய பெரும்புலவர் ஒருவரே ஐரோப்பிய நிறுத்தக்குறிகளை மனமுவந்து ஏற்றார் என்பதை, குறிகளை அந்நியம் என்று ஒதுக்குவோர் நினைவில் கொள்ளவேண்டும்.

செய்யுளில் சிக்கல் இன்னும் ஆழமானது. மரபான பதிப்பு செய்யுளைச் சீர்பிரித்து அச்சிடும். சீர் ஓசையின் அலகு. சொல் பொருளின் அலகு. இரண்டும் எப்போதும் ஒத்துவருவதில்லை. ஒத்துவராத இடத்தில் சொல்லைப் பிளந்து சீரை அமைப்பதை யாப்பிலக்கணம் வகையுளி என்னும். நாமே அமைத்த ஓரடியைக் கொண்டு காட்டுகிறோம். பாட்டாக மதிக்கவேண்டா: 'மழையில் லாத காலந் தன்னில்'. நான்கு சீர், ஆசிரிய ஓசை, பிழையில்லை. இதைப் படிக்கும் மாணவன் முதற்சீரில் என்ன காண்கிறான்? 'மழையில்'. மழை பெய்யும்போது என்று பொருள்கொள்கிறான். அடியின் கருத்தோ மழை இல்லாத காலம். பக்கத்தில் விட்ட ஒரு வெளி பொருளை நேர் எதிராகத் திருப்பிவிட்டது. ஓசை தெரிந்தவனுக்கு அந்த வெளி உதவி. பொருள் தேடுபவனுக்கு இடறுகல்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் இதற்கு வேறொரு வழி கண்டன. சங்க நூல்கள் முதலியவற்றைச் சந்தி பிரித்து, சொற்களை விளங்கவைத்து, நிறுத்தக்குறிகளோடு, மலிவான விலையில் அவை வெளிவந்தன. உரையின் துணையின்றி மூலத்தைத் தாமே படிக்கும் துணிவைப் பொதுவாசகர்க்கு அவை அளித்தன. சந்தி பிரித்தால் யாப்பு சிதையும் என்னும் எதிர்ப்பு எழுந்தது. அது தவறான எதிர்ப்பன்று. சீர்பிரித்த பக்கம் ஓசையைக் காட்டி அமைப்பை மறைக்கிறது. சொல்பிரித்த பக்கம் பொருளைக் காட்டி ஓசையை மறைக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒரே வெளியால் காட்ட இயலாது. நம் பாடநூல்களில் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடலாம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். தாள்செலவு கூடும் என்பதே இதுவரை கிடைத்த விடை.

1935இல் பெரியார் ஈ.வெ.ரா. தம் 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். அட்டவணையைக் கொண்டு பார்த்தால் அவர் செய்தது நன்கு விளங்கும். ஆகார வரிசையில் 18இல் 15 எழுத்துகள் காலை அப்படியே பெற்றன; ண, ற, ன மூன்றும் மட்டும் தம் உடம்போடு சுழித்துக்கொண்டன. ஒகர, ஓகார வரிசைகளிலும் அதே மூன்று. ஐகார வரிசையில் ண, ல, ள, ன நான்கும் முன்னே தும்பிக்கை போன்ற வளைவைப் பெற்றன. மூன்றும் ஆறும் நான்குமாக 13 கட்டங்கள் வரிசையின் விதியை மீறி நின்றன. அவற்றையும் விதிக்குள் கொண்டுவந்தார். தமிழ்நாட்டரசு 1978இல் ஆணையாக ஏற்றது இந்த 13 மாற்றங்களையே. ஐ, ஔ என்பவற்றை அய், அவ் என எழுதும் பரிந்துரையை ஏற்கவில்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் பாடநூல்களில் இவ்வடிவங்களை மேற்கொண்டன. இன்றைய மாணவர் இவற்றைச் சீர்திருத்தம் என்றே அறியார். எழுத்து அப்படித்தான் என்று எண்ணுகிறார்.

இந்த 13 மாற்றங்கள் வென்றதற்குக் காரணம், எண்ணிக்கையைக் குறைத்தது அன்று. அட்டவணையில் முன்பும் 247 கட்டங்கள், இன்றும் 247. வரிசையும் பத்தியும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த விதியை அவை நிறைவுசெய்தன. பிள்ளை 'கா', 'சா' கண்டதும் 'ணா' எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகம் சரியாக இருக்கும். ஊகம் பலிக்கும்போதுதான் கல்வி விரைவடைகிறது.

இழப்பும் உண்டு. எழுத்து மாறுவதற்கு முன் அச்சான நூல் ஒன்றை நூலகத்தில் எடுத்துக் கொடுத்தால், நன்கு படிக்கும் மாணவரும் 'லை' வரும் இடந்தோறும் தடுமாறுவதைப் பார்க்கிறோம். தாத்தா எழுதிய கடிதங்களைப் பேரன் எழுத்துக்கூட்டுவது வருத்தந்தரும் காட்சியே. ஆயினும் 13 வடிவங்களை ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். உயர்நிலை மாணவர்க்கு ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். பழைய நூலகம் முழுவதும் அவர்களுக்குத் திறந்துவிடும்.

வா.செ. குழந்தைசாமி இதற்கு அடுத்த படியை முன்வைத்தார். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளிலும் எல்லா மெய்க்கும் பொதுவான குறிகளை அமைக்கலாம் என்பது அவர் கருத்து. அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது; நடைமுறைக்கு வரவில்லை. அவர் சுட்டிய சிக்கல் மெய்யானது. உகர வரிசைதான் அட்டவணையில் மிகக் கரடானது. ஆனால் மருந்து நோயைவிடப் பெரிதாயிற்று என்பது எம் எண்ணம். உகரம் ஏறிய எழுத்துகள் ஒவ்வொரு சொற்றொடரிலும் மிகுதியாக வருவன. அவற்றை மாற்றினால் பக்கத்தின் முகமே மாறிவிடும். 1978இல் மாறியவை அவ்வளவு அடர்த்தியாக வருவன அல்ல.

எழுத்தை மாற்றாமலே அடுக்கை மாற்றலாம். உகர வரிசையை க, ங, ச என்னும் நிரலில் பார்த்தால் குழப்பமாகத் தோன்றும். வடிவத்தின் வழியே பிரித்தால் மூன்றே குடும்பங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு என்னும் ஆறும் அடியில் வளைந்து சுற்றுவன. ஙு, சு, பு, யு, வு என்னும் ஐந்தும் நேரே கீழிறங்கும் கோடு பெறுவன. ஞு, ணு, து, நு, லு, று, னு என்னும் ஏழும் கீழே இறங்கி மீண்டும் மேலேறுவன. இவ்வேழுமே நெடிலில் காலைப் பெற்று ஞூ, ணூ, தூ எனத் தவறாமல் நிற்கும். ஊகாரத்தில் கூ, சூ போன்றவை தனித்து நிற்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 18 தனிவடிவம் என்று சொன்னால் மலைக்கும் பிள்ளை, மூன்று குடும்பம் என்றால் மலைப்பதில்லை.

இங்கே எம் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். பணிக்காலத்தின் தொடக்கத்தில், விளையாட்டாகக் கற்பிக்கலாம் என்று நம்பி, எழுத்துகளைத் தனித்தனி அட்டைகளாக வெட்டிக் கலைத்துப்போட்டுப் பயிற்றுமாறு ஓரிடத்தில் பரிந்துரைத்தோம். அட்டைகள் வண்ணவண்ணமாக, படங்களோடு, அழகாக இருந்தன. சில மாதங்கள் கழித்துச் சென்றபோது, 'கி', 'பி' இரண்டையும் பிழையின்றிப் படித்த பிள்ளை 'ழி' என்பதைக் கண்டு, "இது இன்னும் சொல்லித்தரல" என்றது. 'ழ' அதற்குத் தெரியும், இகரக்குறியும் தெரியும், இரண்டும் சேரும் என்பது மட்டும் தெரியவில்லை. சேர்க்கையைக் காட்டிய கட்டங்களை நாமே வெட்டி எறிந்திருந்தோம். பிறகு அட்டவணையைச் சுவரில் மீண்டும் மாட்டி, நடுக்கட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தாளால் மறைத்து, ஓரங்களைப் பார்த்து உள்ளே என்ன இருக்கும் என்று பிள்ளைகளையே சொல்லச்செய்தோம். மறைத்த தாளை எடுக்கும்போது அவர்கள் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை எந்த வண்ணப்படமும் தந்ததில்லை.

'அ' என்றால் அணில், 'ஆ' என்றால் ஆடு என்னும் படவரிசையையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். உயிரெழுத்துகளுக்கு அது நன்று. ண, ழ, ள, ற, ன ஆகியவை சொல்லுக்கு முதலில் வாரா. அவற்றுக்கு அணில் எங்கே தேடுவது? படம் எழுத்தின் பெயரை நினைவூட்டும். எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைக் காட்டாது.

தீராத சில இன்னும் இருக்கின்றன. 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் மெய்யொலி முதலில் வர, குறி மெய்க்கு முன்னே நிற்கிறது. காது ஒன்றைக் கேட்க, கண் வேறொன்றை முதலில் காண்கிறது. 'கொ', 'கோ' இரண்டிலும் குறி மெய்யை இருபுறமும் அணைத்துக்கொள்கிறது. 'கௌ' என்பதன் பின்னிற்கும் உறுப்பு ளகரமே போல் இருப்பதால், அதைக் 'கெள' எனப் படிக்கும் இடர் இன்றும் நீங்கவில்லை. குறியைச் சற்றுச் சிறிதாக அச்சிடும் எழுத்துருக்கள் உண்டு; எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இம்முரண் தட்டச்சில்தான் மிகத் தெளிவாக வெளிப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து பணிபுரிந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பலகை வரிவடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. 'கொ' அடிக்கவேண்டுமாயின் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். 247 வடிவங்களைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கிய அருஞ்செயல் அது. பொறியின் அக்காலத்து எல்லைக்குள் வேறு வழியும் இல்லை. ஆனால் அதைக் கற்பதற்குத் தனிப்பயிற்சி வேண்டியிருந்தது.

கணினி வந்தபின் அந்த எல்லை விலகியது. 1997இல் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில், குறியீட்டுத் தரமும் விசைப்பலகையும் எப்படி அமையவேண்டும் என்னும் உரையாடல் நாடுகளைக் கடந்து தொடங்கியது. 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற 'தமிழ்99' பலகையில் உயிர்மெய்க்கு விசையே இல்லை. 12 உயிர்கள் இடக்கைப் பக்கம், 18 மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம், ஆய்தம் ஒன்று. மிகுதியாக வரும் அ, இ, உ, க, ப, ம, த, ந ஆகியவை விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில். ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால் 'கொ' தோன்றும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது பொறியின் வேலை. விரல் காதைப் பின்பற்றுகிறது. திரை கண்ணுக்கு வேண்டியதைக் காட்டுகிறது.

அப்பலகையில் இன்னுமொரு விதி உண்டு. மெல்லினத்தைத் தட்டி அதன் இன வல்லினத்தைத் தட்டினால் புள்ளி தானே விழும். ஙகரமும் ககரமும் 'ங்க'. ஞகரமும் சகரமும் 'ஞ்ச'. ணகரமும் டகரமும் 'ண்ட'. நகரமும் தகரமும், மகரமும் பகரமும் அவ்வாறே. அட்டவணையில் பதினெட்டாம் இடத்தில் நிற்கும் னகரத்தைத் தட்டிப் பதினேழாம் இடத்து றகரத்தைத் தட்டினாலும் 'ன்ற' வரும். உயர்நிலை வகுப்பு மாணவர் ஒருவரிடம் இவ்வாறு வருவது ஏன் என்று அண்மையில் கேட்டோம். அவர் சுவரில் இருந்த அட்டவணையின் இடப்பத்தியைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, அடுத்தடுத்து இருப்பதால்தானே என்றார்.